ஆப்பிரிக்காவில் சமாதானம்: வெளியிலிருந்து வந்த அமைப்புகளால் எது முடிந்தது, எது முடியவில்லை?

கேள்வி: தக்கலை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடுகிறது. செப்டம்பர் 21 உலக அமைதி நாள் என்பதால், அந்த மாதக் கூட்டத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் உலக அமைப்புகள் செய்த சமாதான முயற்சிகளைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பாடப்புத்தகத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புகளும் அவற்றின் தலைமையிடங்களும் இருக்கின்றன. சண்டை நடக்கும் ஊருக்குள் அந்தச் சபையின் ஆள்கள் போய் இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பது மட்டும் இல்லை.

என் குழப்பம் வீட்டிலேயே தொடங்கிவிட்டது. என் மாமனார் 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்திற்குப் பிறகு நம் குமரி மாவட்டத்தில் நடந்த அமைதிக் கூட்டங்கள் சிலவற்றில் உட்கார்ந்திருந்தவர். அதிகாரிகள் முன்னிலையில் இரு தரப்பாரும் கைகுலுக்கிய நாளை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா பல வாரங்கள் கழித்து எங்கள் முற்றத்தில் மறுபடியும் கடவத்தை இறக்கி வைத்ததையும், விலை பேசி முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் மூச்சுவிடாமல் நின்றதையும்தான் இன்றைக்கும் சொல்வார். நான் பேசப்போகும் தலைப்பைக் கேட்டதும், "அவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறவனுக்கு யார் வீட்டு முற்றம் எது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ருவாண்டாவைப் பற்றிப் படித்தபோது அவருடைய சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபோது ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 2,500 பேர் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். அவர்களுடைய தளபதியான கனடாவின் ரோமியோ டலேர், ஆயுதங்கள் பதுக்கப்படுவதையும் டுட்சி இன மக்களைக் கொல்லப் பட்டியல் தயாராவதையும் ஜனவரியிலேயே நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குத் தெரிவித்திருந்தார். பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, இருக்கிற படையை 270 பேராகக் குறைப்பது என்று தீர்மானம் போட்டது. ஏறத்தாழ 100 நாள்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே இரண்டு கேள்விகள். வெளியிலிருந்து வந்தவர்கள் செய்து வைத்த சமாதானம் எங்காவது நிலைத்திருக்கிறதா, நிலைத்திருந்தால் ஏன்? இரண்டாவதாக, தலைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, கொன்றவனும் கொல்லப்பட்டவரின் குடும்பமும் ஒரே தெருவில் வாழ வேண்டியிருக்கிறதே, அந்த வேலையில் வெளி அமைப்புகளுக்கு ஏதாவது பங்கு உண்டா?

பதில் 1: கோட்டாறு வாசகன்

டீச்சர், உங்கள் முதல் கேள்விக்கு நான் மொசாம்பிக்கைச் சொல்வேன். நம் மாவட்டத்து அண்டி ஆபீசுகளில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலைகளில், வேலை பார்த்த பெண்களுக்கு ஆப்பிரிக்கக் கொட்டை மூட்டை புதிதல்ல. மொசாம்பிக்கும் அந்தக் கொட்டை விளைகிற நாடுகளில் ஒன்று. 1977 முதல் 1992 வரை அங்கே ஃப்ரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த போரில், பஞ்சத்தால் இறந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

அந்தப் போரை முடித்து வைத்த பேச்சு ஒரு வல்லரசின் மாளிகையில் நடக்கவில்லை. ரோம் நகரின் த்ராஸ்தேவெரே பகுதியில், பழைய கன்னியர் மடம் ஒன்றில் இயங்கும் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுவின் இடத்தில் நடந்தது. 1968-இல் பள்ளி மாணவராக இருந்த ஆந்திரேயா ரிக்கார்தி தன் நண்பர்களோடு தொடங்கிய குழு அது. ரிக்கார்தியும், அன்று இளங்குருவாக இருந்து இன்று கர்தினாலாக இருக்கும் மத்தேயோ சுப்பியும், மொசாம்பிக்கின் பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வெசும், இத்தாலிய அரசியல்வாதி மாரியோ ரஃபாயெல்லியும் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். 1990 ஜூலையில் தொடங்கிய பேச்சு 1992 அக்டோபர் 4 அன்று குடியரசுத் தலைவர் ஜோக்கிம் சிசானோவும் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லகாமாவும் கையெழுத்திட்டபோது முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உட்கார்ந்திருக்க அவர்களால் முடிந்ததற்குக் காரணம், அவர்களிடம் படையும் இல்லை, பெரிய பணமும் இல்லை, மொசாம்பிக்கில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொந்த ஆதாயமும் இல்லை என்பதுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவன் நம்மைத் தோற்கடிக்க வரவில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. உங்கள் மாமனாரின் கேள்விக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது: நால்வரில் ஒருவரான பேராயர் கொன்சால்வெஸ் அந்த மண்ணில் பிறந்தவர், ரெனாமோவின் வலுவான பகுதிகளில் ஒன்றிலேயே அவருடைய மறைமாவட்டமும் இருந்தது. யார் வீட்டு முற்றம் எது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் மடத்தின் பொறுமை மட்டும் போதாது. கையெழுத்துக்குப் பிறகு ஐ.நா. 6,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. நம் நாட்டுப் படையினரும் போனார்கள். அந்தப் பணியின் தலைவரான இத்தாலியர் ஆல்தோ அயெல்லோ செய்த முக்கியமான காரியம், தேர்தலை அவசரப்படுத்தாமல் இருந்தது. அண்டை நாடான அங்கோலா என்ற இன்னொரு முன்னாள் போர்த்துக்கீசியக் குடியேற்ற நாட்டில் 1992 செப்டம்பரில், இரு தரப்புப் படைகளும் கலைக்கப்படும் முன்பே தேர்தல் நடந்தது. தோற்ற கிளர்ச்சித் தலைவர் சாவிம்பி மறுபடியும் போருக்குப் போனார். அந்தப் பாடம் கண்ணெதிரே இருந்ததால், மொசாம்பிக்கில் தேர்தல் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, வீரர்கள் முகாம்களுக்கு வந்து ஆயுதங்களைக் கொடுத்த பிறகு 1994 அக்டோபரில் நடந்தது. ரெனாமோ காட்டை விட்டு வந்து கட்சியாக நடக்கத் தேவையான பணத்தையும் வெளிநாடுகள் ஐ.நா. வழியாகக் கொடுத்தன. கிளர்ச்சிக்காரனுக்கு அலுவலகமும் வாகனமும் வாங்கிக் கொடுப்பதா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நல்ல செலவாகவே படுகிறது.

ஒன்றை மட்டும் கூட்டத்தில் காட்டினால் நன்றாக இருக்கும். 1995 முதல் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம், ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயின் முயற்சியால், பதுக்கி வைத்த துப்பாக்கியைக் கொண்டுவருகிறவர்களுக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள், கூரைத் தகரம் போன்றவற்றைக் கொடுத்தது. ஓர் ஊர் மொத்தமாகச் சேர்ந்து ஆயுதங்களைக் கொடுத்து டிராக்டர் வாங்கிக்கொண்டது. அறுத்துச் செயலிழக்க வைத்த துப்பாக்கித் துண்டுகளை வெல்டிங் செய்து கலைஞர் கெஸ்டர் செய்த நாற்காலி ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாய்மானத்தின் மேல்பக்கம் துப்பாக்கிக் கட்டைகள் காதுபோல நிற்கும்.

முழு வெற்றி என்று சொல்லிவிடாதீர்கள். 2013-இல் ரெனாமோ மறுபடியும் புதருக்குள் போனது. 2019 ஆகஸ்டில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி, கடைசி ரெனாமோ முகாம் 2023-இல்தான் மூடப்பட்டது. 1992-இல் போட்ட கையெழுத்து முழுமையாக நிறைவேற 31 ஆண்டுகள் ஆயின.

பதில் 2: முன்னாள் படைவீரர், அருமனை

டீச்சருக்கு வணக்கம். கோட்டாறு நண்பர் வென்ற இடத்தைச் சொன்னார். நான் இழுத்துக்கொண்டே இருக்கிற இடத்தைச் சொல்கிறேன். இராணுவ மருத்துவப் பிரிவில் செவிலிய உதவியாளராக இருந்தேன். 2010-இல் கொங்கோ நாட்டின் கோமா நகரில், இந்தியா நடத்திய ஐ.நா. மருத்துவமனையில் பணியாற்றினேன். ஊர்ப் பெயரால் முதல் மாதமே வீட்டில் ஒரு கலவரம். தொலைபேசியில், "கோமாவில் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன்" என்று சொன்னதை என் மாமியார் பாதி மட்டும் கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஜெபம் தொடங்கிவிட்டார்.

கோமா, கிவு ஏரிக்கரையில் நிராகோங்கோ எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 2002-இல் எரிமலைக் குழம்பு நகரின் ஒரு பகுதியை மூடியது. அந்தக் கருங்கல்லை உடைத்தே மதில்களும் வீடுகளும் கட்டியிருக்கிறார்கள். சுக்குடு என்று ஒரு மரவண்டி உண்டு: இரண்டு மரச் சக்கரம், நீளமான பலகை, மேலே கைப்பிடி, நான்கு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு பையன்கள் இறக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று பறப்பார்கள். எங்களிடம் வந்த உடைந்த கால்களில் பல அந்த வண்டியின் காணிக்கை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருமுறை மருத்துவ முகாமுக்காக ரோந்து வாகனங்களோடு மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போனோம். வயதான ஓர் அம்மா எங்கள் அதிகாரியின் முன்னால் வந்து நின்று, கையை ஆட்டி, மலையைச் சுட்டி, தரையில் குச்சியால் கோடு போட்டு ஐந்து நிமிடமாவது பேசினார். எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர், "தண்ணீர் வசதி இல்லை என்கிறார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அந்த அம்மாவின் இனம் வேறு, மொழிபெயர்ப்பாளரின் இனம் வேறு என்பது முகாமுக்குத் திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கோடு எந்தப் பாதை, எந்த இரவைப் பற்றியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்கள் மாமனார் கேட்ட கேள்வியை நான் நேரில் பார்த்தேன் என்று சொல்லுங்கள். அந்த ஆண்டுவாக்கில்தான் ஐ.நா. உள்ளூர் ஆள்களையே தொடர்பு உதவியாளர்களாக வேலைக்கு எடுத்து, ஊர்த் தலைவர்களுக்குத் தொலைபேசி கொடுத்து, ஆபத்து வந்தால் முகாமுக்குச் செய்தி வரும்படி ஏற்பாடு செய்யத் தொடங்கியது. சிறிய ஏற்பாடுதான், ஆனால் கவச வாகனத்தைவிட அது பயன்பட்டது என்று பின்னர் அங்கே போன நண்பர்கள் சொன்னார்கள்.

படை இருந்தும் ஏன் காக்க முடியவில்லை என்று கேட்டீர்கள். அமைதிப்படை என்பது மூன்று கட்டுகளோடு போகிற படை: அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும், ஒரு தரப்பின் பக்கம் சாயக்கூடாது, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதம் எடுக்கக்கூடாது. சம்மதம் போனால் படையும் போக வேண்டியதுதான். மாலியில் அரசு வெளியேறச் சொன்னதால் 2023 டிசம்பரில் பத்தாண்டுப் பணி மூட்டை கட்டியது. அதோடு ஒவ்வொரு நாட்டுப் படையும் ஐ.நா. தளபதியின் கட்டளையைக் கேட்கும் அதே நேரத்தில் தன் சொந்தத் தலைநகரத்தையும் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பிறகு பரப்பளவு. கொங்கோ பதினெட்டுத் தமிழ்நாட்டுக்குச் சமம், தார்ச்சாலை குறைவு, அதில் உச்சக்கட்டத்தில் 20,000 பேர் அளவுக்குச் சீருடைப் படையினர். குமரி மாவட்டம் ஒன்றுக்கே எத்தனை காவல் நிலையங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

2012 நவம்பரில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை, ஐ.நா. படை அங்கே இருக்கும்போதே கோமாவுக்குள் நுழைந்தது. நான் அப்போது ஊருக்குத் திரும்பியிருந்தேன். தொலைக்காட்சியில் எனக்குத் தெரிந்த ரவுண்டானாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அவமானத்திற்குப் பிறகு 2013 மார்ச்சில் பாதுகாப்பு அவை, தாக்கவும் அதிகாரம் உள்ள ஒரு தனிப் படைப்பிரிவை உருவாக்கியது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்கள் அதில் இருந்தார்கள். கொங்கோ இராணுவத்தோடு சேர்ந்து அவ்வாண்டு இறுதிக்குள் எம்23-ஐ விரட்டினார்கள். 2021 இறுதியில் அது மறுபடியும் தலைதூக்கி, 2025 ஜனவரியில் கோமாவை மறுபடியும் பிடித்தது. படையால் நேரம் வாங்கித் தர முடியும். வாங்கித் தந்த அந்த நேரத்தில் அரசியல் செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

நம் படையினரின் உயிரிழப்பையும் சொல்லுங்கள். 1961 டிசம்பர் 5 அன்று கொங்கோவின் எலிசபெத்வில்லில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா ஐ.நா. பணியில் உயிர் கொடுத்து பரம வீர் சக்ரா பெற்றார். அதே மூச்சில், அமைதிப்படையினர் சிலர் தாங்கள் காக்கப் போன பெண்களிடமே குற்றம் செய்ததையும் மறைக்க வேண்டாம். பல நாட்டுப் படைகளின் மேல் அந்தக் கறை இருக்கிறது. சீருடை போட்டவன் என்ற முறையில் இதை எழுதக் கை கூசுகிறது.

பதில் 3: குலசேகரம் ரப்பர் விவசாயி

எல்லாம் சரி. ஆனால் தீயை வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லையே. நாம் இங்கே விடியற்காலையில் பால் வெட்டுகிற அதே ரப்பருக்காக, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆள்கள் 1885 முதல் 1908 வரை கொங்கோவில் சொன்ன அளவு கொண்டுவராத ஊர்களில் மனிதர்களின் கைகளை வெட்டினார்கள். இன்று அங்கே தோண்டப்படும் கோல்டான் கனிமம் நம் எல்லோருடைய கைப்பேசிகளுக்குள்ளும் போகிறது. எம்23-க்கு ருவாண்டா உதவுகிறது என்று ஐ.நா.வின் வல்லுநர் குழுவே பலமுறை அறிக்கை கொடுத்தது. உதவி செய்த நாட்டின் மேல் பெரிய அளவில் யார் கைவைத்தார்கள்? ஒரு கையால் கனிமத்தை வாங்கிக்கொண்டு மறுகையால் சமாதான மாநாடு நடத்துகிறவர்களை அமைதித் தூதர்கள் என்று நூலகத்தில் பாராட்ட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பதில் 4: முட்டம் கடற்கரை

அண்ணாச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் தீ வைத்தவர்களையும் அணைக்க வந்தவர்களையும் தவிர, தீக்குள்ளேயே இருந்தவர்களை நாம் எல்லோரும் மறந்துவிட்டோம். நான் லைபீரியாவைப் பற்றி எழுதுகிறேன். என் அம்மா முப்பது ஆண்டு மீன் சுமந்தவர். அதனால்தான் இந்தக் கதை என்னை விட்டுப் போவதில்லை.

லைபீரியாவில் 1989-இல் தொடங்கி இரண்டு கட்டமாக 2003 வரை போர் நடந்தது. 2,50,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். சிறுவர்களுக்குப் போதை கொடுத்துத் துப்பாக்கி பிடிக்க வைத்த போர் அது. 2003 ஏப்ரலில் லேமா போவி என்ற சமூகப் பணியாளரும் அவருடன் சேர்ந்த பெண்களும் தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெள்ளை உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக உட்காரத் தொடங்கினார்கள். குடியரசுத் தலைவர் சார்லஸ் டெய்லரின் வாகன வரிசை அந்தச் சாலையாகத்தான் போகும். நகையோ ஒப்பனையோ இல்லை. வெயிலானாலும் மழையானாலும் எழுந்து போகவில்லை. ஆலயத்துக்குப் போகிற பெண்களும் பள்ளிவாசலுக்குப் போகிற பெண்களும் ஒரே வரிசை. துப்பாக்கிக் குண்டுக்கு யார் எந்த மதம் என்று தெரியுமா என்பது அவர்களுடைய வாதம். இதைப் படிக்கும்போது, டீச்சர், உங்கள் வீட்டு முற்றத்தில் கடவத்தை இறக்கிய அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். அன்று காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டுக் கிளம்ப அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

பேச்சுவார்த்தை கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் ஏற்பாட்டில் நடந்தது. நைஜீரியாவின் முன்னாள் தலைவர் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் நடுவர். ஆறு வாரமாகியும் முடிவு வரவில்லை. ஊரில் எறிகணை விழுந்துகொண்டிருக்க, போர்த் தலைவர்கள் நல்ல விடுதியில் தங்கி, எந்த அமைச்சகம் யாருக்கு என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் ஒருநாள் ஏறத்தாழ 200 பெண்கள் அந்த மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, உடன்பாடு வரும்வரை உள்ளே இருக்கிறவர்களை வெளியே விடமாட்டோம் என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது லேமா போவி தன் தலைத்துணியை அவிழ்த்து, உடையையும் களைந்துவிடுவேன் என்றார். தாய் வயதுப் பெண் தானாக ஆடை களைவதைக் காண்பது அந்தப் பகுதியில் பெரிய சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். அபூபக்கர் வந்து பேசி, வெளியேற முயன்ற போர்த் தலைவர்களை உள்ளே திருப்பி அனுப்பினார். ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். 18-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

இங்கே எக்கோவாஸ் இல்லாவிட்டால் மண்டபமே இல்லை. பெண்கள் இல்லாவிட்டால் மண்டபத்திலிருந்து எதுவும் வெளிவந்திருக்காது. 2000-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு அவை தன் 1325-ஆம் தீர்மானத்தில், சமாதானப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு கழித்தும் அவர்களுக்குக் கிடைத்தது வாசல்படிதான்.

பிறகு வந்த ஐ.நா. பணி 2018 மார்ச் வரை இருந்தது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு. 2007 ஜனவரியில் மத்திய ரிசர்வ் காவல் படையின் பெண்கள் மட்டுமே கொண்ட பிரிவு மன்ரோவியாவில் இறங்கியது. ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்கள் கொண்ட முதல் காவல் பிரிவு அதுதான். குடியரசுத் தலைவர் எலன் ஜான்சன் சர்லீஃபின் அலுவலகத்துக்குக் காவல் நின்றார்கள், இரவு ரோந்து போனார்கள், பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து லைபீரியப் பெண்கள் காவல் வேலைக்கு மனுப்போட வந்தார்கள் என்று அந்நாட்டுத் தலைவரே பாராட்டினார்.

ஆனால் ஒரு குறை. டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அது அண்டை நாடான சியரா லியோனில் நடந்த கொடுமைகளுக்கு. லைபீரிய மக்களுக்குச் செய்ததற்காக அந்நாட்டு நீதிமன்றம் எதுவும் இதுவரை யாரையும் போர்க்குற்றத்திற்குத் தண்டிக்கவில்லை. அதற்கான தனி நீதிமன்றம் அமைக்கும் அலுவலகத்துக்கே 2024-இல்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார்.

பதில் 5: நாகர்கோவில் வழக்கறிஞர்

முட்டம் சகோதரி விட்ட இடத்திலிருந்து, டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ருவாண்டாவைக் காக்கத் தவறிய அதே பாதுகாப்பு அவை, 1994 நவம்பரில் குற்றவாளிகளை விசாரிக்க ஒரு பன்னாட்டுத் தீர்ப்பாயத்தை அமைத்தது. அது தான்சானியாவின் அருஷா நகரில் அமர்ந்தது. அதன் நீதிபதிகளில் ஒருவர் டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த, தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த நவநீதம் பிள்ளை. பின்னர் அதன் தலைவராகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் இருந்தார்.

டாபா என்ற ஊராட்சியின் தலைவர் ஜான் பால் அகயேசுவின் வழக்கு அவர் இருந்த அமர்வுக்கு வந்தது. குற்றப்பத்திரிகையில் முதலில் பாலியல் வன்கொடுமை என்ற சொல்லே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வேறொன்றைப் பற்றிப் பேசும்போது அதையும் சொன்னார்கள். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி அதை மேலும் கேட்டார். பிறகு குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, இனப்படுகொலைக் குற்றத்திற்குப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வன்கொடுமையும் இனப்படுகொலையே என்று அது சொன்னது. சட்டம் படித்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கடந்து போக முடியாது. சாட்சிக்கூண்டில் நிற்பவர் கேட்ட கேள்விக்கு அப்பால் போகும்போது, "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்று வாயடைப்பது எங்கள் தொழிலின் பழக்கம். அன்று அப்படிச் செய்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2015-இல் மூடப்படும்வரை 21 ஆண்டுகளில் அத்தீர்ப்பாயம் குற்றம் சாட்டியது 93 பேர் மீதுதான். ருவாண்டாவின் சிறைகளிலோ லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைந்து கிடந்தார்கள்; வழக்கமான முறையில் விசாரித்தால் தலைமுறைகள் ஆகும். ஆகவே அந்நாடு கச்சாச்சா என்ற பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையைப் புதுப்பித்தது. புல்தரை என்பது அச்சொல்லின் வேர். ஊர் மக்களே தேர்ந்தெடுத்த நடுவர்கள், திறந்த வெளி, வாரம் ஒருநாள், ஊர் முழுக்கச் சாட்சி. 12,000-க்கும் மேற்பட்ட மன்றங்கள், 2012 ஜூனில் மூடப்படும்வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு, புதைத்த இடத்தைக் காட்டி, மன்னிப்புக் கேட்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது. பலர் சிறைக்குப் பதில் பொதுவேலை செய்தார்கள். பலருக்குத் தங்கள் பிள்ளையின் எலும்பு எங்கே என்று அங்கேதான் தெரியவந்தது. ஒரு வழக்கறிஞனாக எனக்கு அதில் உறுத்தல்களும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. போரில் வென்று ஆட்சிக்கு வந்த கிளர்ச்சிப் படையினர் செய்த கொலைகள் அந்த மன்றங்களுக்கு வரவே இல்லை.

தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தைச் சிலர் ஐ.நா. செயல் என்று நினைக்கிறார்கள். அது அந்நாட்டு நாடாளுமன்றச் சட்டத்தால், பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்தது. உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் மன்னிப்பு என்பதும் தவறு: மன்னிப்புக் கேட்டு வந்த 7,112 மனுக்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன.

இனி நான் முக்கியமாகக் கருதுவது. சியரா லியோனில் 2002-இல் போர் முடிந்த பிறகு, ஃபம்புல் டோக் என்ற உள்ளூர் அமைப்பு ஊர் ஊராக இரவில் தீ மூட்டி, பாதிக்கப்பட்டவரும் தீங்கு செய்தவரும் ஊர் முன்னிலையில் பேசிக்கொள்ளும் கூட்டங்களை நடத்தியது. அந்நாட்டின் கிரியோ மொழியில் அப்பெயருக்குக் குடும்பப் பேச்சு என்று பொருள். 200 சிற்றூர்களில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2016-இல் சயின்ஸ் இதழில் வந்தது. கூட்டம் நடந்த ஊர்களில் மன்னிப்பும் நம்பிக்கையும் கூடின. பொதுக் காரியங்களுக்கு மக்கள் அதிகம் கொடுத்தார்கள். அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் பழைய காயத்தின் நடுக்கமும்கூடக் கூடின. ஊர் ஆறியது; அதற்கான விலையைத் தனி மனிதர்கள் தூக்கமில்லாத இரவுகளாகக் கொடுத்தார்கள். வெளி அமைப்புகள் பணத்தோடு நுழையக்கூடிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: கூட்டம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகாமல், மறுநாள் காலையிலும் அடுத்த ஆண்டிலும் அந்த மனிதரிடம் பேச ஒரு மனநல உதவியாளரை அங்கே இருக்க வைப்பது. நம் மாவட்டத்தில் 1982-க்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் போன்றோர் வந்து பேசினார்கள், விசாரணை ஆணையம் அமைந்தது. அந்த நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிய குழந்தைகளிடம் யாரும் தனியாகப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி நடுங்கியவர்களில் நானும் ஒருவன்.

குலசேகரம் அண்ணாச்சிக்கு ஒரு சொல். வெளியார் என்றால் வெள்ளையர் என்று மட்டும் இப்போது கொள்ள முடியாது. 1963-இல் தோன்றிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடாமையைக் கொள்கையாக வைத்திருந்தது. 2002-இல் அதன் இடத்திற்கு வந்த ஆப்பிரிக்க ஒன்றியம், இனப்படுகொலை போன்றவை நடந்தால் தலையிடும் உரிமையைத் தன் அமைப்புச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. எத்தியோப்பியாவின் திக்ரே போரை நிறுத்திய 2022 நவம்பர் 2 உடன்படிக்கை, அந்த ஒன்றியத்தின் சார்பில் நைஜீரியாவின் ஒபசாஞ்சோ, கென்யாவின் உஹுரு கென்யாட்டா, தென்னாப்பிரிக்காவின் பும்சிலே ம்லாம்போ-ங்குகா என்ற மூன்று ஆப்பிரிக்கர்களின் முன்னிலையில் பிரிட்டோரியாவில் எழுதப்பட்டது. அதன் குறைகள் தனிக் கதை.

மறுமொழி: தக்கலை டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கோட்டாறு நண்பருக்கு ஒரு சிறு திருத்தம்: அங்கோலாவும் மொசாம்பிக்கும் எல்லையைத் தொட்டுக்கொள்ளும் நாடுகள் அல்ல, ஒன்று மேற்குக் கரையில், மற்றது கிழக்குக் கரையில் இருக்கிறது. வரலாற்று டீச்சரின் கை சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் முக்கால் மணியில் சொல்ல முடியாது. அக்ரா மண்டபத்தின் வாசலையும் அருமனைக்காரர் பார்த்த அந்த அம்மாவின் குச்சிக்கோட்டையும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மொசாம்பிக்கைச் சுருக்கமாகச் சொல்வேன். பதில்களை அச்செடுத்து மாமனாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தார். சியரா லியோன் பகுதியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நேற்று இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, மீன்கார அம்மாவின் மகன் அந்தக் கலவரத்தில் அடிபட்டிருந்ததையும், அதைப் பற்றித் தங்கள் வீட்டில் யாரும் கடைசி வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் முதன்முறையாகச் சொன்னார். கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அருமனைக்காரரே, உங்களால் அன்று வர முடியுமா?

மறுமொழி: முன்னாள் படைவீரர், அருமனை

வருகிறேன், டீச்சர். சுக்குடு வண்டியின் படங்கள் நான்கைந்து இருக்கின்றன. நூலகத்தில் புரொஜெக்டர் இருக்கிறதா என்று மட்டும் தெரிவியுங்கள், இல்லையென்றால் மார்த்தாண்டத்தில் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருகிறேன்.